கரணமும் மருந்தும்

உயர் இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் மருந்துகளுள் சில நினைவையும், ஒரு செயலைத் திட்டமிட்டுத் தொடங்கி, இடையில் வருவனவற்றை ஒதுக்கி, முடிவு வரை கொண்டுசெல்லும் ஆற்றலையும் பாதிக்கின்றன என்பது மருத்துவ உலகில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசப்பட்டுவரும் செய்தி. அதே அழுத்தத்தை மருந்தால் கட்டுக்குள் வைத்திருப்பது முதுமையில் அறிவு தேய்வதைத் தள்ளிப்போடுகிறது என்பது அண்மைக்கால ஆய்வுகள் தரும் செய்தி. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்பவர் முன் எழும் வினா மருத்துவத்தோடு முடிந்துவிடுவதில்லை. நினைவும் மன உறுதியும் பொறுமையும் ஒரு மாத்திரையின் அளவுக்கேற்பக் கூடிக் குறையுமானால், வழிபட்டவர் யார், வாக்குக் கொடுத்தவர் யார், பிழை செய்தவர் யார் என்பவற்றுக்குச் சமயங்கள் வழங்கிவந்த விடைகள் நிலைக்குமா என்பதே அவ்வினா.

தாமிரபரணி கடலை நெருங்கும் கீழ்ப்பகுதியில், ஏரலைச் சுற்றியுள்ள சில ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே இவ்வினாவின் பல பக்கங்களும் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஸ்ரீவைகுண்டத்தில் பதினேழாம் நூற்றாண்டில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேச்சின்றி இருந்து, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து, சைவ சித்தாந்தத்தின் தத்துவக் கருத்துகளை உள்ளடக்கிய கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்பது மரபு. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் புளியமரத்தடியில் பேசாதிருந்தார் என்பது வைணவக் குருபரம்பரை தரும் வரலாறு. ஏரலில் சேர்மன் பதவி வகித்து 1908ஆம் ஆண்டு ஆடி அமாவாசையை ஒட்டி மறைந்த அருணாசல சுவாமியின் கோயிலுக்கு, நோய் தீரவேண்டி நேர்ந்துகொண்டவர்கள் ஆடியிலும் தையிலும் அமாவாசைதோறும் திரள்கின்றனர். கிழக்கே காயல்பட்டினத்தில் ஷாஃபி சட்டமரபைப் பின்பற்றும் முஸ்லிம்களும், முத்துக்குளித்துறை நெடுகிலும் 1530களில் கத்தோலிக்கம் தழுவிய பரதவர் வழிவந்தோரும் வாழ்கின்றனர். இவர்களுடைய வீடுகள் பலவற்றில் சாமி படத்துக்கு அருகிலோ சமையலறை அலமாரியிலோ ‘பிரஷர் மாத்திரை’ அட்டை ஒன்று இருப்பது இன்று வழக்கமான காட்சி.

மருந்தும் மனமும் சந்தித்த கதை இந்தியாவிலேயே தொடங்குகிறது என்பதைத் தத்துவம் பேசுவோர் அதிகம் கவனித்ததில்லை. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் பீகார்ப் பகுதியில் பித்துக்கான மருந்தாகவே பெயர் பெற்றிருந்தது. டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரைச் சூட்டிய 1931ஆம் ஆண்டிலேயே, கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள், அவ்வேர் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் ஒருங்கே பயன்படுவதாக எழுதினர். 1949இல் பம்பாயைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்துக் கண்ட முடிவுகளைப் பிரிட்டனின் இதயவியல் இதழில் வெளியிட்டபோது உலகின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது. 1957இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. இடையில், 1952இல், சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைத் தனியாகப் பிரித்திருந்தனர். அழுத்தத்தைக் குறைக்கும் வேரும் பித்தை அடக்கும் வேரும் ஒன்றே என்பது தற்செயல் அன்று. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பயன்படுத்தும் நொராட்ரினலின், டோபமைன், செரடோனின் ஆகிய வேதித் தூதுகள் நரம்பு நுனியில் சிறு பைகளில் சேமித்து வைக்கப்படுகின்றன. ரெசர்பின் அச்சேமிப்பைத் தடுத்து, பைகளை வறளச் செய்கிறது. இரத்தக்குழாயைச் சுருக்கும் நரம்பில் அது நிகழும்போது அழுத்தம் இறங்குகிறது, மூளையில் நிகழும்போது மனம் அடங்குகிறது.

அடங்கிய மனம் எவ்வாறு இருக்கும் என்பதை 1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் முயல்களிடம் காட்டினார். ரெசர்பின் செலுத்தப்பட்ட முயல்கள் காதுகள் தொங்க, தூண்டினாலும் நகராமல் கிடந்தன. டோபமைனாக மாறக்கூடிய எல்-டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றிய சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. தசைகள் பழுதின்றியே இருந்தும், செயலைத் தொடங்கவைக்கும் ஏதோ ஒன்று போய்த் திரும்பியது. இக்கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாக 2000ஆம் ஆண்டில் கார்ல்சனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ரெசர்பின் உண்டவர்களிடம் மனச்சோர்வு தோன்றியதாக 1950களில் பல அறிக்கைகள் வெளிவந்தன. அவற்றை மறுபடி ஆராய்ந்தவர்கள், அந்தத் தொடர்பு நம்பப்பட்ட அளவுக்கு உறுதியானது அன்று என்றும், அக்காலத்தில் கொடுக்கப்பட்ட அளவுகள் மிகுதி என்றும் சுட்டியுள்ளனர். இம்மருந்து இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. ஆயினும், ‘ஊக்கம்’ என்று நீதி நூல்கள் போற்றும் பண்பு ஒரு வேதிப்பொருளின் இருப்பைச் சார்ந்திருக்கக் கூடும் என்ற செய்தி, அழுத்த மருந்து ஒன்றின் வழியாகவே முதன்முதலில் இவ்வளவு வெளிப்படையாக வந்தது.

இன்று வழங்கும் மருந்துகளின் நிலை ஒன்றுபோல் இல்லை. குளோனிடின், மெத்தில்டோபா ஆகியவை மூளைத்தண்டில் நேரடியாகச் செயல்படுவதால் தூக்கக் கலக்கத்தையும் கவனச் சிதறலையும் தரக்கூடும். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான்களுள் கொழுப்பில் எளிதில் கரையும் ப்ரொப்ரனலால் மூளைக்குள் நுழைகிறது, நீரில் கரையும் அட்டெனலால் மிகக் குறைவாகவே நுழைகிறது. சிறுநீரைப் பெருக்கும் தையசைடு வகை மருந்துகள் முதியவர்களின் இரத்தத்தில் சோடியம் என்னும் உப்பைக் குறைத்துவிட்டால், நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று மகளின் பெயரைத் தடுமாறிச் சொல்வார். உப்பளங்களுக்குப் பேர்போன தூத்துக்குடி மாவட்டத்தில் உடலின் உப்புக் குறைந்து அறிவு கலங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் சோற்றில் போடும் உப்பின் அளவைக் கொண்டு மட்டும் இரத்தத்தின் சோடியம் அமைவதில்லை. அம்லோடிபின், லோசார்டன் போன்ற, அரசு மருத்துவமனைகளிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் பரவலாக வழங்கும் வகையிலான மருந்துகளால் அறிவு மங்குவதாகத் தக்க சான்று இல்லை.

மருந்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது. நோயும் அதே இடத்தைத்தான் தாக்குகிறது. மூளையின் உட்பகுதிக்குச் செல்லும் மிக நுண்ணிய தமனிகள் பல்லாண்டு மிகை அழுத்தத்தால் தடித்துக் குறுகும்போது, முன்மூளையை மற்றப் பகுதிகளோடு இணைக்கும் வெண்ணிற நரம்பிழைகள் முதலில் பழுதுபடுகின்றன. இதனால் பலருக்கு நினைவுக்கு முன்பே செயலாண்மைத் திறன், அதாவது திட்டமிடல், வரிசைப்படுத்தல், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல், தகாததைச் செய்யாமல் தன்னை அடக்கிக்கொள்ளல் ஆகிய திறன்களின் தொகுதி, தளர்கிறது. மருத்துவர்கள் இதைச் சோதிக்க ஒரு தாளில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் மாறிமாறி, ஒன்று, அ, இரண்டு, ஆ என்று கோட்டால் இணைக்கச் சொல்வர். எண்களையும் எழுத்துகளையும் தனித்தனியே தவறின்றிச் சொல்பவர் அங்கே இரண்டிலிருந்து மூன்றுக்கே சென்று நின்றுவிடுவார். வீட்டில் இதற்கு ஈடான சோதனை நாள்தோறும் நடக்கிறது. நாற்பது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவந்த மூதாட்டி எண்ணெய் ஊற்றாமல் திரியை மட்டும் வைத்துத் தீக்குச்சியைக் கிழிப்பதும், குழம்பில் உப்புப் போட்டாயிற்றா என்று தெரியாமல் மறுபடி போடுவதும் அவரது பக்தியோ அன்போ குறைந்ததன் அடையாளங்கள் அல்ல.

அழுத்தத்தைக் குறைத்தால் இத்தேய்வு குறையுமா என்பதற்கு விடை படிப்படியாகவே தெளிவாகியுள்ளது. 1998இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில் 2,418 முதியவர்களுள் மருந்து பெற்றோரிடையே மறதிநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் நோயுற்றோர் இரு பிரிவிலும் சேர்த்து 32 பேர்தான், ஆகவே அந்தப் பாதியைப் பெரிதாகக் கொண்டாடுவதற்கில்லை. 2019இல் அமெரிக்காவில் 9,361 பேரைக் கொண்ட ஆய்வில், அழுத்தத்தை 120க்குக் கீழ் கொண்டுவரும் இலக்கோடு மருந்து பெற்றவர்களிடம் மறதிநோயின் முன்படியான இலேசான அறிவுக்குறை 19 விழுக்காடு குறைந்திருந்தது, மறதிநோயிலோ ஐயமற்ற வேறுபாடு தென்படவில்லை. 2025இல் வெளியான சீன ஆய்வு, 326 சிற்றூர்களில் 33,995 பேரைக் கொண்டு, ஊர் மருத்துவப் பணியாளர்களே மருந்தைச் சீர்செய்து கொடுத்தபோது மறதிநோய் 15 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. ஆக, ஒட்டுமொத்தக் கணக்கில் மாத்திரை அறிவைக் காக்கிறது. தனிப்பட்ட ஒருவரிடம் ஒரு குறிப்பிட்ட மாத்திரை அறிவை மங்கச் செய்யவும் கூடும்.

இனித் தத்துவத்திற்கு வரலாம். சைவ சித்தாந்தம் இந்நிலைக்கு நெடுங்காலத்திற்கு முன்பே ஒரு சட்டகத்தை அமைத்து வைத்துள்ளது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கும் அந்தக்கரணங்கள், அதாவது அகத்தே உள்ள கருவிகள். அவை மாயை என்னும் சடப்பொருளிலிருந்து தோன்றியவை, எனவே தாமே அறியும் இயல்பு அற்றவை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மெய்கண்டார் சிவஞான போதத்தின் நான்காம் சூத்திரத்தில், ஆன்மா இக்கரணங்களுள் ஒன்று அன்று என்றும், இயல்பாகவே உடனிருக்கும் ஆணவ மலத்தால் அது தானாக எதையும் அறியமாட்டாது என்றும், அமைச்சரோடு கூடிய அரசன்போலக் கருவிகளோடு கூடியே நனவு, கனவு முதலான ஐந்து நிலைகளில் நிற்கிறது என்றும் நிறுவுகிறார். திருவருட்பயனில் உமாபதி சிவம் மாயையால் ஆன உடம்பை ஆன்மாவுக்கு விளக்காகக் கூறி, அவ்விளக்கு இல்லையேல் ஆன்மா ஒன்றையும் ஆராய்ந்தறியாது என்கிறார். இக்கொள்கைப்படி நினைவு மங்குவதும் உறுதி தளர்வதும் கருவியில் நேரும் மாற்றங்கள். சடமாகிய மருந்து சடமாகிய கரணத்தைத் தொடுகிறது என்பதில் சித்தாந்திக்கு அதிர்ச்சி ஏதுமில்லை. சித்தத்தை மூளையின் நினைவுப் பகுதி என்றும் புத்தியை முன்மூளை என்றும் பொருத்திக்காட்டிக் கைதட்டல் வாங்கும் மேடைப் பேச்சு மட்டும் இங்கே வேண்டாதது. சித்தாந்தத்தின் நான்கு கரணங்களும் நரம்பியலின் உறுப்புகளும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பிறந்த பகுப்புகள், அவற்றை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினால் இரண்டுமே பழுதாகும்.

வைணவம் இதே செய்தியை வேறு நடையில் சொல்கிறது. மதுரகவியாழ்வார் புளியமரத்தடியில் இருந்த நம்மாழ்வாரிடம், உயிரற்றதன் வயிற்றில் நுண்ணியது ஒன்று பிறந்தால் எதைத் தின்று எங்கே கிடக்கும் என்று வினவ, அதையே தின்று அங்கேயே கிடக்கும் என்று ஆழ்வார் முதன்முதலாக வாய்திறந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. சடமான உடலில் புகுந்த உயிர் அவ்வுடல் தரும் இன்பதுன்பங்களையே நுகர்ந்து அதிலேயே தங்குகிறது என்று அதற்கு உரை சொல்வர். இராமானுசர் வழிவந்த விசிட்டாத்துவைதம் இதைக் கோட்பாடாக்கி, ஆன்மாவின் சொரூபமான அறிவு மாறுவதில்லை என்றும், அதிலிருந்து விளக்கொளிபோல் வெளிச்செல்லும் தர்மபூத ஞானம் வினைக்கேற்பச் சுருங்கியும் விரிந்தும் போகும் என்றும் பிரிக்கிறது. மறதி என்பது இந்த ஒளியின் சுருக்கம். கருவி கெடுகிறது என்ற சைவ விளக்கத்தைவிட ஒளி சுருங்குகிறது என்ற இவ்விளக்கம், ஒரே நபர் காலையில் தெளிந்தும் மாலையில் கலங்கியும் இருக்கும் படிநிலைகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

இதற்கு எதிர்வழக்காடுபவன் உலகாயதன். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற மதங்களை மறுக்கப் புகும்போது அவனிடமிருந்தே தொடங்குவது, அவனது வாதம் எளிதில் புறந்தள்ளக்கூடியதன்று என்பதைக் காட்டுகிறது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் தனித்தனியே தராத சிவப்பு மூன்றும் கூடி மெல்லப்படும்போது பிறப்பதுபோல, பூதங்களின் கூட்டத்தில் அறிவு பிறக்கிறது, கூட்டம் கலைந்தால் அறிவும் இல்லை என்பது உலகாயதர் பெயரில் வழங்கும் பழைய உவமை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை ஏரலுக்குப் பக்கத்திலேயே விளைகிறது; சுண்ணாம்பு சற்றே கூடினாலும் குறைந்தாலும் சிவப்பின் நிறம் மாறுவதை அங்கே யாரும் மென்று அறியலாம். மாத்திரையால் நினைவு மாறும் செய்தியைக் கேட்டால் உலகாயதன் தன் உவமைக்குச் சான்று கிடைத்துவிட்டது என்றே மகிழ்வான்: சேர்மானம் மாறினால் அறிவு மாறுகிறது, ஆகவே அறிவு சேர்மானமே.

இந்த முடிவு பிழையானது. ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதற்குத் தரும் காரணங்களுள், ‘என் உடல்’ என்று உடலைத் தன்னிலிருந்து பிரித்துச் சொல்லும் வழக்கும், உறக்கத்தில் உடல் இருந்தும் உண்பதும் வினைசெய்வதும் இல்லாமையும், உணர்த்தினால் மட்டுமே உணர்தலும் அடங்கும். இந்த மாத்திரை தொடங்கியதிலிருந்து என் புத்தி என்னிடம் இல்லை என்று மருத்துவரிடம் முறையிடும் நோயாளி, தன் கரணத்தின் குறையைக் கண்டு சொல்பவராக அக்கரணத்திற்கு வெளியே நிற்கிறார். ஆனால் சித்தாந்தியின் வெற்றியும் முழுமையானது அன்று. முற்றிய மறதிநோயில் தமக்கு மறதி உண்டு என்பதே நோயாளிக்குத் தெரிவதில்லை. முறையிடும் அந்தக் குரலும் அடங்கிவிடுகிறது. அப்போது சித்தாந்தி, கருவிகளோடு சேராத ஆன்மா ஒன்றும் அறியாமல் ஆணவத்தில் அழுந்திக் கிடக்கும் கேவல நிலையைச் சுட்டி, இங்கும் ஆன்மா இருக்கவே செய்கிறது என்பான். உள்ளபடியே அது முரணற்ற விடை. எனினும் எந்த அடையாளமும் வெளியே காட்டாத ஒன்றை இருப்பதாகக் கொள்வதற்கு, தருக்கம் மட்டும் போதாமல் ஆகமத்தின் வாக்கும் தேவைப்படுகிறது. மாத்திரை இவ்வழக்கை எப்பக்கமும் தீர்த்துவிடவில்லை. அது தீர்த்தது வேறொன்றை: தம் வைராக்கியமும் ஒழுக்கமும் உடலின் உதவியின்றித் தாமே ஈட்டியவை என்ற பெருமிதத்தை. அந்தப் பெருமிதத்துக்குச் சித்தாந்தத்திலும் இடமில்லை, நரம்பியலிலும் இடமில்லை.

ஐரோப்பியச் சிந்தனையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஜான் லாக் 1694இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த இயலில், ஒருவர் தாமாகவே தொடர்வது, கடந்த செயல்களைத் தம்முடையனவாக உணரும் நினைவுணர்வால்தான் என்றார். அப்படியாயின் நினைவைக் கரைக்கும் மருந்து ஆளையே கரைக்கிறது என்றாகும். மறுபிறப்பை ஏற்கும் மரபுகள் இந்த அளவுகோலைக் கைக்கொள்ள முடியாது. முற்பிறவி எவருக்கும் நினைவில் இல்லாதிருந்தும் அதன் வினைப்பயனைத் துய்ப்பவர் அதே உயிர் என்பதே அவற்றின் அடிப்படை. மணிமேகலை மணிபல்லவத்தில் புத்தபீடிகையைக் கண்டு பழம்பிறப்பை உணர்வது காப்பியத்தில் அருஞ்செயலாகவே பாடப்படுகிறது. நினைவு தொடராவிட்டாலும் உயிர் தொடரும் என்று பழகிய ஒரு சமூகம், மறதிநோயால் முகம் மறந்துபோன தாயை அதே தாயாகக் கொள்ளத் தத்துவ வலிமை பெற்றிருக்கிறது. நடைமுறையில் அந்த வலிமையை அது எப்போதும் பயன்படுத்துகிறதா என்பது வேறு செய்தி.

வினைக் கோட்பாடு மற்றோர் இடத்திலும் கைகொடுக்கிறது. 1994இல் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்காஃப் முதலானோர் நடத்திய சோதனையில், விபத்தில் அடிபட்ட சிறுவனைப் பற்றிய படக்கதையைக் காட்டுமுன் சிலருக்கு ப்ரொப்ரனலால் கொடுக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மருந்து பெறாதவர்களிடம் துயரப் பகுதி அழுத்தமாகப் பதிந்திருந்தது, பெற்றவர்களிடம் அந்தத் தனி அழுத்தம் இல்லை. சாதாரண நிகழ்ச்சிகளின் நினைவு குறையவில்லை, உணர்ச்சி ஏற்றிய நினைவின் கூர்மையே மழுங்கியது. இதைக் கண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் உயிரியல் நெறிக் குழு 2003ஆம் ஆண்டு அறிக்கையில், கொடுஞ்செயல் புரிந்தவர் அதன் நினைவு உறுத்தாதபடி மருந்துண்டு வாழ்ந்துவிடலாமே என்று கவலை தெரிவித்தது. அந்தக் கவலை மெய்யானது. கழிவிரக்கம் இல்லாமல் திருந்துதல் இல்லை. ஆனால் வினை, செய்தவரின் நினைவில் எழுதப்பட்ட கடன் என்று சைவமோ வைணவமோ சொல்வதில்லை. மறந்தாலும் அது இறைவனால் ஊட்டப்படும். ஆகவே மருந்தால் உறுத்தலைத் தணித்துக்கொண்டவர் தண்டனையிலிருந்து தப்பவில்லை, திருந்தும் வாய்ப்பைத்தான் இழந்தார். இதயத் துடிப்புக்காகவும் தலைவலிக்காகவும் அதே மருந்தை உண்ணும் எளிய மனிதருக்கு இந்தக் குற்றச்சாட்டில் ஒரு துளியும் பொருந்தாது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

நினைவின்றி வீடுபேறு உண்டா என்ற வினாவே பக்தரை அதிகம் அச்சுறுத்துவது. இறுதி நொடியில் எதை நினைக்கிறாரோ அதையே அடைவார் என்பது கீதையின் எட்டாம் அத்தியாயக் கருத்து. இதற்கு வைணவர்கள் வராக சரம சுலோகத்தால் விடை சொல்வர். மனம் நலமாகவும் உடலின் தாதுக்கள் சமநிலையிலும் உள்ளபோது ஒருவர் தன்னை நினைத்திருந்தால் போதும், பின்னர் அவர் கட்டைபோலவும் கல்போலவும் கிடக்கையில் தானே அவரை நினைத்து நற்கதிக்கு அழைத்துச் செல்வதாக இறைவன் உறுதி தருகிறான் என்பது அதன் பொருள். நினைவுக்குத் தாதுக்களின் சமநிலை வேண்டும் என்று ஒரு சரணாகதி வாசகமே ஒப்புக்கொள்வது கூர்ந்து நோக்கத்தக்கது. அழுத்தமும் உப்பும் நரம்புத் தூதுகளும் சமன்குலையும் நாள் வரும் என்று அறிந்தே, நினைக்கும் பொறுப்பை அது இறைவன்பால் மாற்றி வைக்கிறது. பெரியாழ்வாரும் அந்திமத்தில் நினைக்க இயலாது என்று கருதி, முன்கூட்டியே அரங்கனிடம் சொல்லி வைக்கிறார்.

வியப்பளிக்கும் வகையில், முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கரின் திருச்சபைச் சட்டமும் இதே தீர்வை எட்டியுள்ளது. நோயில் பூசுதல் என்னும் அருளடையாளத்தை, தன்னுணர்வோடு இருந்த காலத்தில் உட்கிடையாகவேனும் அதை வேண்டியிருக்கக்கூடியவருக்கு, இப்போது கேட்க இயலாத நிலையிலும் வழங்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 1006ஆம் விதி கூறுகிறது. இஸ்லாமியச் சட்டமோ கடமையின் வாசலிலேயே அறிவை நிறுத்துகிறது: உறங்குபவர் விழிக்கும் வரையும், சிறுவர் பருவமெய்தும் வரையும், அறிவு பிறழ்ந்தவர் தெளியும் வரையும் அவர்கள்மீது கணக்கெழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழி வழிவந்த நெறி. மூன்று சமயங்களும் மனித நினைவு முறியக்கூடியது என்பதை வெட்கமின்றி ஏற்று, அதற்கேற்ப ஏற்பாடு செய்துள்ளன.

செயலாண்மையைப் பற்றி இத்தகைய தெளிவு இல்லை. மறந்தவரை மன்னிக்கும் மரபு, தொடங்காதவரையும் அடக்கமிழந்தவரையும் எளிதில் மன்னிப்பதில்லை. சோம்பல் என்றும் முன்கோபம் என்றும் பொறுப்பின்மை என்றும் அவற்றுக்குக் குற்றப்பெயர்கள் ஆயத்தமாக உள்ளன. சாக்கிய நாயனார் நாள்தோறும் சிவலிங்கத்தின்மீது கல்லெறிந்து வழிபட்டு, ஒருநாள் மறந்து உண்ணப் போய் நினைவு வந்து ஓடியதைப் பெரிய புராணம் சிறப்பித்துப் பாடுகிறது. கண்ணப்பரின் வரிசை தவறிய பூசையை இறைவன் ஏற்கிறான். ஆயினும் வீட்டுப் பூசையில் வரிசை தவறும் முதியவருக்கும், கடைக் கணக்கை முடிக்காமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அறுபது வயது வணிகருக்கும் அந்தச் சலுகை கிடைப்பது அரிது. கரணம் நான்கும் கருவிகளே என்றால், சித்தத்தின் குறைக்குக் கிடைக்கும் பொறுமை புத்தியின் குறைக்கும் கிடைத்தாக வேண்டும். சித்தாந்த நூல்கள் இதை மறுக்கவில்லை, விரித்துச் சொல்லவும் இல்லை. கருவி எந்த அளவு கெட்டால் கருத்தாவின் பொறுப்பு எந்த அளவு குறையும் என்ற அளவை அவற்றில் தேடிக் காண்பது கடினம். இந்த இடத்தில் மரபு தன் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

மறுபுறம், கருவிதானே என்று அலட்சியம் செய்பவர்களும் இக்கோட்பாட்டைத் தவறாகவே படிக்கின்றனர். விளக்கின்றி ஆன்மா காணாது என்றால் விளக்கைப் பேணுவது சமயக் கடமைக்குள் அடங்கும். விரத நாளில் வாயில் எதுவும் படக்கூடாது என்று அழுத்த மாத்திரையை நிறுத்துவோரும், மாத்திரை மறதி தரும் என்று யாரோ சொல்லக் கேட்டு ஒரேயடியாகக் கைவிடுவோரும் அந்த விளக்கையே ஊதி அணைக்கின்றனர். குளோனிடினையோ பீட்டா தடுப்பானையோ திடீரென நிறுத்தினால் அழுத்தமும் துடிப்பும் முன்பிருந்ததைவிட மேலெழக்கூடும். நீரும் அருந்தாத விரதத்தில் சிறுநீரைப் பெருக்கும் மருந்தை வழக்கம்போல் விழுங்கினால் மயக்கமும் குழப்பமும் நேரக்கூடும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஏரல் வெளித்தொடர்பின்றித் துண்டிக்கப்பட்டதைப் போன்ற நிலையும் மீண்டும் வரலாம் என்பதால், மாத்திரையைச் சில நாளுக்கு முன்கையிருப்பாக வைத்துக்கொள்வதும் இப்பகுதியினருக்கு வேண்டிய முன்னறிவு. இரமலானில் நோயுற்றவருக்கு நோன்பிலிருந்து விலக்கும், பின்னர் ஈடுசெய்யும் வழியும் குர்ஆனிலேயே உள்ளன. நோன்பு நோற்க இயன்றவர்களுக்கு மருத்துவர்கள் வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தருகின்றனர். அமாவாசை விரதத்திற்கும் கந்த சஷ்டி விரதத்திற்கும் அவ்வாறு எல்லோரும் அறிந்த எழுதப்பட்ட ஏற்பாடு இல்லாததால், ஒவ்வொருவரும் தம் மனம்போன போக்கில் முடிவெடுக்கின்றனர்.

ஆடி அமாவாசைக்கு ஏரலிலும் சஷ்டிக்குத் திருச்செந்தூரிலும் கூடும் பெருங்கூட்டத்திற்குக் குடிநீரும் அன்னதானமும் ஏற்பாடு செய்யும் கோயில் நிர்வாகங்கள், மருத்துவர் எழுதிய மாத்திரையை உரிய வேளையில் தண்ணீரோடு விழுங்குவது விரதத்திற்குக் குறைவன்று என்றும், அண்மையில் புதிதாகக் குழப்பமோ மறதியோ ஏற்பட்டவர்கள் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்று மருந்தை மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும் என்றும், தாமாக எதையும் நிறுத்தக் கூடாது என்றும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்து ஒலிபெருக்கியிலும் சொல்ல முன்வர வேண்டும்.